கல்மூலம் காண்டல்: ஸ்ரோன்ஹெஞ்ச் ஆராய்ச்சி பற்றிய ஒரு மதிப்பீடு

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது பழமொழி. கல்மூலத்தை முன்னோர் அவ்வாறு விலக்கினாரல்லர். ஆறு பல ஊற்றுக்களின் கலப்பு. கல்லோ தான் பிறந்த பாறையின் இயல்பைத் தன் சிறு துணுக்கிலும் தாங்கி நிற்பது. எத்தனை காதம் கடத்தப்படினும், எத்தனை ஆயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடப்பினும், அதன் உட்கூறுகளை ஆராய்வார்க்கு அது தன் பிறப்பிடத்தை உணர்த்த வல்லது. இந்த உண்மையைத் துணைக்கொண்டே புவிச்சரிதவியலாளர் பழங்காலக் கட்டடங்களின் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஆராய்ந்து வருகின்றனர். ஆயின், ஒரு கல்லின் பிறப்பிடத்தை அறிந்தவுடனே அதன் வரலாறு முழுவதையும் அறிந்துவிட்டதாகக் கொள்ளும் மயக்கமும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தே வந்துள்ளது. அம்மயக்கம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பவற்றைக் காண்பதற்கு இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்சினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஸ்ரோன்ஹெஞ்ச் இங்கிலாந்தின் தென்பாகத்திலே, வில்ற்சயர்ப் பகுதியின் சோல்ஸ்பரிச் சமவெளியில் உள்ளது. கி.மு. 3000 அளவில் அங்கு வட்டமான ஓர் அகழியும் மேடும் அமைக்கப்பட்டன. கி.மு. 2500 அளவிற் பெருந்தூண்கள் நிறுத்தப்பட்டு, அவற்றின்மேல் உத்தரக்கற்கள் ஏற்றப்பட்டன. அங்குள்ள கற்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது வகை சார்சன் எனப்படும் வன்மையான சிலிக்காக் கல். இவ்வகைத் தூண்கள் சராசரியாக 20 தொன் நிறையுடையன. இரண்டாவது வகை நீலக்கல் என வழங்குவது. இஃது இரத்தினபுரியில் அகழப்படும் நீலமணியன்று. உடைத்து நனைத்தவிடத்து நீலச்சாயல் காட்டும் தொலரைற்று, இரையோலைற்று முதலிய தீப்பாறைகளுக்கு இட்ட பொதுப்பெயர். இவை பெரும்பாலும் 2 முதல் 4 தொன் வரை நிறையுடையன. மூன்றாவது, பலிபீடக் கல் எனப்படும் தனிக்கல். பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல்லாகிய இஃது ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 6 தொன் நிறையும் உடையது. பெயர் பிற்காலத்தார் இட்டது. அதன்மேற் பலி நிகழ்ந்தமைக்குச் சான்றில்லை. சமவெளியின் அடித்தளமோ வெண்சுண்ணப் பாறை. எனவே நீலக்கற்களும் பலிபீடக் கல்லும் அம்மண்ணுக்கு அந்நியமானவை என்பது ஐயமின்றித் துணியப்படும்.

இத்தகைய அந்நியக் கல்லொன்றை நோக்கி எழுப்பத்தக்க வினாக்கள் நான்கு. அஃது எப்பாறையிற் பிறந்தது? எவ்விடத்தில் மனிதர் கையாற் பெயர்த்தெடுக்கப்பட்டது? எவ்வழியாகக் கொண்டுவரப்பட்டது? எந்நோக்கத்தோடு கொண்டுவரப்பட்டது? இவற்றுள் முதல் வினாவுக்குக் கல்லே சாட்சி. இரண்டாவதற்கு, பெயர்த்த இடத்திற் கிடைக்கும் கருவிகளும் கரியும் சாட்சி. மூன்றாவதற்கு, வழியில் எஞ்சிய தடயங்களே சாட்சியாதல் வேண்டும். நான்காவதற்கு, எழுத்தறியாத அம்மக்களின் வாழ்வு முழுவதையும் நோக்கிப் பெறும் அனுமானமன்றி வேறு சாட்சியில்லை. முதல் வினாவின் விடைக்குரிய உறுதியை ஏனை மூன்றிற்கும் ஏற்றியுரைத்தல் அளவைநூல் நெறிக்கு ஒவ்வாது. நூறாண்டு ஆராய்ச்சியை மதிப்பிடுதற்கு இந்நான்கு வினாக்களே ஏற்ற உரைகல்லாம்.

இத்துறையில் முதலிடம் பெறத்தக்கவர் ஹேர்பேட் ஹென்றி தோமஸ். பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த இவர், நீலக்கற்களின் துணுக்குகளை ஒளி ஊடுருவும் அளவு மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். வெண்ணிறப் புள்ளிகள் செறிந்த தொலரைற்று, வேல்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெசெலி மலைகளிற் காணப்படும் பாறையே என அவர் கண்டார். 1923ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் கட்டுரை அதுவரை உலாவிய ஊகங்கள் பலவற்றுக்கு முடிவு கட்டிற்று. பிரெசெலியிலிருந்து சோல்ஸ்பரிச் சமவெளி ஏறத்தாழ 225 கிலோமீற்றர். இத்துணைத் தொலைவிலுள்ள இரு பாறைகளை ஒன்றென நாட்டியமை பெருஞ்செயல். அம்முடிவின் அடிப்படை இன்றுவரை அசையவில்லை.

ஆயினும் தோமஸ் இரண்டிடங்களிற் சான்றின் எல்லையைக் கடந்தார். புள்ளித் தொலரைற்றுக்குப் பிரெசெலியின் கார்ன் மெனின் என்னும் குன்றினைச் சிறப்பாகச் சுட்டினார். பிற்காலத்து இரசாயன ஆய்வு அவற்றுட் பெரும்பகுதிக்கு அதே மலைத்தொடரின் வடபுறத்துள்ள கார்ன் கொய்டொக் என்னும் பாறையையே மூலமாகக் காட்டிற்று. இது சிறு பிழை. அவர் காலத்துக் கருவியைக் கொண்டு அதனிலும் நுணுக்கமாகக் கூறுதல் இயலாது. பலிபீடக் கல்லைப் பற்றிய முடிவோ வேறு தன்மையது. அதற்கும் தென்வேல்சின் பழைய செம்மணற்கற் படைகளிலே மூலங் கண்டார் தோமஸ். அவர் கருதிய இடங்களுள் ஒன்று மில்போர்ட் ஹேவன் என்னும் துறைமுகத்தின் அயலில் இருந்தது. இதனால், பிரெசெலிக் கற்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த மக்கள் அங்கே மணற்கல்லையும் ஏற்றிக்கொண்டு கடல்வழியாற் சென்றனர் என்னும் கதை தானே அமைந்துவிட்டது. வேல்சுக் கற்களோடு கூடி நின்றமையால் அம்மணற்கல்லும் வேல்சுக் கல்லாயிற்று. கூட்டத்தைக் கொண்டு குலத்தைத் துணியும் இவ்வழக்கு மாந்தரிடத்திலேயே பொருந்தாது. கல்லினிடத்து எங்ஙனம் பொருந்தும்?

கடல்வழிக் கதைக்கு வலிமை தேடுவார் பரிசோதனைகளையும் நடத்தினர். 1954ஆம் ஆண்டில் ஒப்பான கொங்கிறீற்றுக் கல்லொன்றைப் பிணைத்த தோணிகளில் ஏற்றிப் பாடசாலை மாணவர் சிலர் ஏவன் ஆற்றில் எளிதாகச் செலுத்தினர். 2000ஆம் ஆண்டிலோ, பிரெசெலிக் கல்லொன்றைப் பண்டை முறையிற் கொண்டு செல்ல முயன்றபோது அது மில்போர்ட் ஹேவனுக்கு அண்மையிற் கடலில் மூழ்கியது. முன்னதை வெற்றியென்றும் பின்னதைத் தோல்வியென்றும் பலர் எழுதினர். உண்மையில், ஒரு செயல் இயலும் என்பது அது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது; இக்காலத்தார் ஒருமுறை தவறினமை பண்டையோர் தவறினர் என்பதற்கும் சான்றாகாது. மூன்றாம் வினாவுக்குரிய தடயம் வழியிற் கிடைத்தாலன்றி இவ்விரண்டும் காட்சிகளாகவே நிற்கும்.

மனிதர் கொண்டுவந்தனர் என்னும் கொள்கையை மறுத்தார் ஒரு சாரார். 1971ஆம் ஆண்டில் கெலவே என்னும் புவிச்சரிதவியலாளர், பனிக்கட்டியாறே அக்கற்களை வேல்சிலிருந்து சமவெளிக்கு அண்மை வரை சுமந்து வந்தது என வாதித்தார். 1991ஆம் ஆண்டில் திறந்த பல்கலைக்கழக ஆய்வாளர் அக்கொள்கையைப் புதுப்பித்தனர். தெரிந்தெடுத்த கற்களாயின் ஒரே சிறந்த பாறையிலிருந்து வந்திருக்கும். இங்கோ பல பாறைகளின் கற்கள் கலந்து கிடக்கின்றன. ஆதலின் பனிக்கட்டியே வாரி வந்தது என்பது அவர்தம் வாதம். பிறர் ஐயமின்றி ஏற்றதை ஐயுற்றமையால் இவர்கள் ஆராய்ச்சிக்கு நன்மை செய்தனர். எனினும் இவர்கள் வாதத்திலும் குறையுண்டு. பனிக்கட்டியாறு ஓரிடத்தை அடைந்திருப்பின் பெருங்கற்களை மாத்திரம் இட்டுச் செல்லாது. கூழாங்கல்லும் மண்ணும் உடன் பரப்பிச் செல்லும். 1973ஆம் ஆண்டில் கிறீன் என்பார் அப்பகுதியின் பழைய ஆற்றுப் பரல்களை ஆராய்ந்து, பனிக்கட்டியாறு கொணர்ந்த அந்நியப் பரல்கள் அவற்றில் இல்லை எனக் காட்டினார். மேலும், பல பாறைகளிலிருந்து கற்களைத் தெரிந்தெடுக்க மனிதர்க்குக் காரணம் இருந்திராது என்னும் கருத்து, பண்டையோர் மனத்தை இக்காலத்துச் சிக்கனம் கொண்டு அளப்பதாகும். இதுவும் நான்காம் வினாவின் விடையை முன்னரே கொண்டு மூன்றாம் வினாவைத் தீர்க்கும் குற்றமே.

இருபத்தோராம் நூற்றாண்டில் முதல் வினாவின் விடை வியக்கத்தக்க நுண்மை பெற்றது. 2011ஆம் ஆண்டில் ரொப் இக்சர், ரிச்சட் பெவின்ஸ் என்னும் இருவர், ஸ்ரோன்ஹெஞ்சில் மிகுதியாகச் சிதறிக்கிடந்த ஒருவகை இரையோலைற்றுச் சில்லுகளைப் பிரெசெலியின் வடக்கேயுள்ள கிரெய்க் ரோசவெலின் என்னும் பாறைக்கு உரியனவென நாட்டினர். மலைத்தொடரைச் சுட்டிய ஆராய்ச்சி தனிப்பாறையொன்றைச் சுட்டும் நிலைக்கு வளர்ந்தது. ஆயினும் இன்று நிலத்தின் மேலே தெரியும் ஸ்ரோன்ஹெஞ்சுக் கற்களுள் எதனோடும் அச்சில்லுகள் பொருந்தவில்லை என்பதையும் அவர்கள் மறையாது கூறினர். இந்த நேர்மை போற்றத்தக்கது.

பின்னர் மைக் பாக்கர் பியர்சன் தலைமையிலான தொல்பொருளியலாளர் அவ்விடத்தையும் கார்ன் கொய்டொக்கையும் அகழ்ந்தனர். அங்குள்ள பாறைகள் இயற்கையாகவே தூண் தூணாகப் பிளந்து நிற்பவை. பிளவில் ஆப்பு வைத்துப் பெயர்த்தெடுத்தாற் போதும். ஆப்பு வடிவான மென்கற்களும் கரியும் கருகிய கொட்டைத்தோடுகளும் அங்குக் கிடைத்தன. கதிர்வீச்சுக் காபன் முறையால் ரோசவெலினுக்குக் கி.மு. 3400 அளவும் கார்ன் கொய்டொக்குக்குக் கி.மு. 3200 அளவும் காலம் பெறப்பட்டன. இவ்விடங்கள் புதியகற்காலக் கல்லகழ் இடங்களே என அவர்கள் முடிவு செய்தனர். 2015ஆம் ஆண்டில் நிலவுருவ ஆய்வாளர் மூவர் இதனை மறுத்தனர். ரோசவெலினில் மனிதர் செயலாகக் காட்டப்பட்டவை இயற்கையாகவே அமையத்தக்கன என்றனர். இவ்விவாதத்திற் கவனிக்கத்தக்கது ஒன்று. சில்லின் இரசாயனம் எத்துணை நுண்ணியதாயினும் இவ்வழக்கைத் தீர்க்காது. பாறையைப் பனிக்கட்டி உடைத்தாலும் மனிதன் உடைத்தாலும் சில்லின் உட்கூறு ஒன்றே. ஆதலின் அகழ்வாளர் காட்டிய ஆப்பும் கரியுமே இங்கு எடைபோடத்தக்கன. அவற்றை எடைபோடுமிடத்து, அடுப்பெரித்த கரி மனிதர் அங்கு வந்து தங்கினர் என்பதை நாட்டும். கற்றூணைப் பெயர்த்தனர் என்பதை நாட்டுதற்கு ஆப்புகளே கூடுதலான துணையாகும். அவ்வகையிற் கார்ன் கொய்டொக்கின் சான்று ரோசவெலினின் சான்றிலும் வலியது எனலாம்.

ஆராய்ச்சியாளரைக் கதை ஈர்த்த நிகழ்ச்சி இதனைத் தொடர்ந்தது. கல்லகழ் இடங்களின் காலம் ஸ்ரோன்ஹெஞ்சின் தொடக்கத்திலும் சில நூறாண்டு முந்தியதாகலின், கற்கள் முதலில் வேல்சிலேயே ஒரு வட்டமாக நிறுத்தப்பட்டுப் பின்னர்ப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன என்னும் கருத்து எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மொன்மத் ஊரினரான ஜெப்ரி எழுதிய வரலாற்றில், மேர்லின் என்னும் மந்திரவாதி அயர்லாந்திலிருந்த கல்வட்டத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொணர்வித்ததாக ஒரு கதையுண்டு. அக்கதையிற் பழைய உண்மையின் நினைவு தங்கியிருக்கலாம் எனக் கருதப்பட்டது. பிரெசெலியின் வைன் மவுன் என்னுமிடத்தில் நான்கு கற்களும், கல் அகற்றப்பட்ட குழிகளும் கண்டறியப்பட்டன. அவற்றைச் சேர்த்து வரைந்த வட்டத்தின் குறுக்களவு 110 மீற்றர். ஸ்ரோன்ஹெஞ்சின் அகழி வட்டமும் அதே அளவினது. ஒரு குழியின் ஐங்கோண அடையாளம் ஸ்ரோன்ஹெஞ்சின் 62ஆம் எண் கல்லின் அடிவடிவோடு ஒத்திருந்தது. 2021ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளிவந்தபோது உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது.

அடுத்த ஆண்டிலேயே கல் தன் சாட்சியைக் கூறிற்று. வைன் மவுனில் எஞ்சிய கற்களும், குழிகளிற் கிடைத்த சில்லுகளும் இரசாயன முறையால் ஆராயப்பட்டன. அவை சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கெரிக் லாட்ரன் என்னும் பாறைக்குரியன என்பது பெறப்பட்டது. 62ஆம் எண் கல்லோ வைன் மவுனிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தள்ளியுள்ள வேறொரு பாறைக்குரியது. வடிவொப்புமையும் அளவொப்புமையும் தற்செயலாகவும் நேரத்தக்கன. பாறையொப்புமை அத்துணை எளிதில் நேராது. இங்கு மாணாக்கர் மனங்கொள்ளத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. வைன் மவுன் கொள்கையை வெளியிட்ட பாக்கர் பியர்சனே அதனை வலிகுன்றச் செய்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் ஆசிரியருள் ஒருவராகக் கையொப்பமிட்டுள்ளார். தம் கொள்கையைத் தாமே சோதனைக்கு ஒப்புவித்து, அதன் பயனையும் தம் பெயராலேயே வெளியிடுதல் அறிஞர்க்கும் எளிதன்று. முதலிற் கூறிய முடிவில் விரைவு இருந்தது என்பது உண்மை. பின்னர்ச் செய்ததில் அறம் இருந்தது என்பதும் உண்மை.

சார்சன் கற்களின் வரலாறு வேறொரு படிப்பினை தருவது. இவை வடக்கேயுள்ள மார்ல்பரோ மேட்டுநிலத்தினின்று வந்தன என்பது நெடுங்கால நம்பிக்கை. 1958ஆம் ஆண்டிற் பழுதுபார்த்தபோது 58ஆம் எண் கல்லிலிருந்து துளைத்தெடுத்த நீண்ட உருளைத்துண்டு, அப்பணியில் ஈடுபட்ட ரொபேட் பிலிப்ஸ் என்பாரிடம் அறுபது ஆண்டு நினைவுப் பொருளாக இருந்து, 2018ஆம் ஆண்டிலே திருப்பியளிக்கப்பட்டது. டேவிட் நாஷ் குழுவினர் அதன் அருமூலகங்களை அளந்து, இருபது இடங்களின் சார்சன் கற்களோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வடக்கேயுள்ள வெஸ்ற் வூட்ஸ் என்னுமிடத்தை மூலமாகக் கண்டனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவைப் பத்திரிகைகள் எல்லாச் சார்சன் கற்களுக்கும் உரியதாக எழுதின. நுணுகிய ஒப்பீடு நிகழ்ந்தது 58ஆம் கல்லுக்கே. எஞ்சியுள்ள 52 கற்களும் எக்ஸ் கதிர்க் கருவியால் மேற்பரப்பில் அளக்கப்பட்டு, அவற்றுள் 50 ஒரே தன்மையின எனக் காணப்பட்டன. அதனால் அவையும் அவ்விடத்தனவாகலாம் எனக் கொள்ளப்பட்டது. இது தக்க அனுமானமே. ஆயினும் பெரும்பாலும் சிலிக்காவாலாகிய கற்கள் தம்முள் ஒத்திருத்தல் இயல்பு என்பதையும் வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். நேராகக் கண்டதும் அனுமானித்ததும் ஒரே எடையின அல்ல.

இறுதியாகப் பலிபீடக் கல்லின் வழக்கு. 2006ஆம் ஆண்டிலேயே மில்போர்ட் ஹேவன் தொடர்பு மறுக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் வேல்சு மூலமே ஐயத்துக்கிடமாயிற்று. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அந்தோனி கிளாக் முதலானோர், அம்மணற்கல்லினுள் அடங்கிய சிர்க்கன், உரூற்றைல், அப்பதைற்று என்னும் கனிப்பொருள் மணிகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். புல்மோட்டை மணலிற் காணப்படும் சிர்க்கனும் உரூற்றைலும் போன்ற இம்மணிகள் மிகப் பழைய மலைகள் தேய்ந்து வந்து மணற்கல்லில் அடைந்தவை. அவற்றினுள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும் அளவைக் கொண்டு ஒவ்வொரு மணியின் வயதையும் கணிக்கலாம். பலிபீடக் கல்லின் உரூற்றைலும் அப்பதைற்றும் ஏறத்தாழ 46 கோடி ஆண்டுக்கு முந்திய வெப்ப நிகழ்ச்சியைக் காட்டின. இவ்வயதுத் தொகுதி வேல்சு மணற்கற்களோடு பொருந்தாது, ஸ்கொத்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஓர்கேடியன் படுகையோடு பொருந்திற்று. அப்படுகை ஸ்ரோன்ஹெஞ்சிலிருந்து குறைந்தது 750 கிலோமீற்றர் தொலைவினது. நூறாண்டு வேல்சுக் கல்லாகக் கருதப்பட்டது ஸ்கொத்லாந்துக் கல்லாயிற்று. இந்த மாற்றத்தை நிறுவியவர் பிரெசெலி மண்ணிற் பிறந்த இளைஞர் என்பது விந்தை. பிறந்த மண்ணின் பெருமையை அவர் சான்றுக்கு மேலாக வைக்கவில்லை.

எனினும் பழைய மயக்கம் உடனே மீண்டும் தலைகாட்டிற்று. அப்படுகையைச் சேர்ந்த ஓர்க்னித் தீவுகளிற் புகழ்பெற்ற புதியகற்காலக் கட்டடங்களும் கல்வட்டங்களும் உள்ளன. ஆதலின் கல் அங்கிருந்தே வந்திருக்கும் எனப் பலர் எழுதினர். அடுத்த மாதமே, ஓர்க்னியின் பெருந்தீவு மணற்கற்களோடு அது பொருந்தவில்லை என்பது காட்டப்பட்டது. தோமஸ் காலத்தில் வேல்சுக் கற்களின் கூட்டம் செய்த தவறு, இம்முறை ஓர்க்னியின் புகழால் நிகழவிருந்தது. கடல்வழியே கொண்டுவரப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கூறியதும் ஊகமாகவே கொள்ளத்தக்கது. அதற்கு அவர்கள் காட்டியது நிலவழியின் இடர்ப்பாடேயன்றிக் கடல்வழியின் தடயமன்று.

தொகுத்து நோக்குமிடத்து, கல்மூலம் காணும் கலை நூறாண்டிற் பெருவளர்ச்சி பெற்றதென்பதில் ஐயமில்லை. முதல் வினாவுக்கு இன்று கூறப்படும் விடைகள் பெரும்பாலும் உறுதியானவை. இரண்டாம் வினாவுக்குச் சில இடங்களில் நல்ல சான்றும், சில இடங்களில் தீராத வழக்கும் உண்டு. மூன்றாவது இன்னும் திறந்தே கிடக்கிறது. நான்காவதை நாடுவோர் முதல் மூன்றின் எல்லையை அறிந்து நடத்தல் வேண்டும். பலிபீடக் கல் வந்த படுகை தெரியும். அப்படுகையில் அது பெயர்க்கப்பட்ட பாறை தெரியாது. அது வந்த வழியும் தெரியாது. இவ்வளவோடு நிறுத்துதல் கதைப்பிரியர்க்குச் சுவையற்றதாகத் தோன்றலாம். ஆயின் 1923ஆம் ஆண்டில் இவ்வாறு நிறுத்தப்பட்டிருப்பின், அக்கல்லின் உண்மை மூலத்தைத் தேடும் முயற்சி நூறாண்டு காத்திருக்க நேர்ந்திராது.